கேட்க வைக்காதீர்கள்

சக ஊழியரின் பச்சிளங்குழந்தைக்கு அறுவை சிகிச்சை என்று செய்தி வந்தால், அலுவலகம் செய்ய வேண்டியவை

காலை பத்தேகால் இருக்கும். என் பிரிவில் வேலை பார்க்கும் தம்பியிடமிருந்து போன். முந்தின நாள் இரவுதான் அவருக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது.

"சார், பாப்பாவுக்கு உணவுக்குழாய் சரியா சேரலையாம். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறோம். ஆபரேஷன்கிறாங்க. இன்னிக்கு ஒரு நாள் லீவு வேணும் சார்."

ஒரு நாள். அவ்வளவுதான் அவர் கேட்டார்.

"தாராளமா எடுத்துக்கோப்பா. ஏதாவது வேணும்னா சொல்லு" என்றேன். மனதாரத்தான் சொன்னேன். அவர் எதுவும் சொல்லவில்லை. நான்காம் நாள் நேரில் போய்ப் பார்த்தபோது, பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் லேப்டாப்பை வைத்து எங்கள் டிஸ்பாட்ச் ரிப்போர்ட்டைத் தயார் செய்துகொண்டிருந்தார். காலடியில் மஞ்சள் பை. அதற்குள் ஸ்கேன் ரிப்போர்ட்டுகளும் மாற்று வேட்டியும். "பெண்டிங் ஆயிடுச்சு சார், அதான்" என்றார். அவரிடம் ரிப்போர்ட்டை யாரும் கேட்கவில்லை. வேண்டாம் என்றும் யாரும் சொல்லவில்லை. அந்த இரண்டாவதைச் சொல்லியிருக்க வேண்டியவன் நான்.

அன்று புரிந்தது இதுதான்: இப்படிப்பட்ட நேரத்தில் யாரும் கேட்க மாட்டார்கள். என்ன கேட்பது என்று தெரியாது. தெரிந்தாலும் வாய் வராது. ஆகவே உதவியின் முதல் விதி, அவர்களைக் கேட்க வைக்காமல் இருப்பது. அதை எப்படிச் செய்வது என்பதற்குத்தான் இந்தக் கட்டுரை.

முதல் நாளே மூன்று காரியம்

ஒன்று: ஒரே ஒருவரைப் பொறுப்பாளராக வையுங்கள். மேலதிகாரியாக இருக்க வேண்டும் என்பதில்லை; அந்தக் குடும்பம் தயங்காமல் பேசக்கூடிய ஒருவர் போதும். அலுவலகத்திலிருந்து போகும் செய்தியெல்லாம் அவர் வழியாகவே போகட்டும். இருபது பேர் தனித்தனியாக "எப்படி இருக்கு?" என்று கேட்டால், அந்தத் தகப்பன் இருபது முறை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கும்.

இரண்டு: அவர் கையில் இருக்கும் வேலைகளைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே இன்னொருவர் பெயரை எழுதுங்கள். பாஸ்வேர்டு, சாவி, கஸ்டமர் நம்பர் போன்ற கேள்விகளையெல்லாம் சேர்த்து ஒரே போனில் கேட்டு முடித்துவிடுங்கள். அலுவலக வாட்ஸ்அப் குழுவில் அவரை டேக் செய்வதை அன்றோடு நிறுத்துங்கள்.

மூன்று: ஒரு செய்தி அனுப்புங்கள். இப்படி:

"வாழ்த்துகள் தம்பி. பாப்பா பிறந்த சேதியும் ஆபரேஷன் விஷயமும் கேள்விப்பட்டேன். உன் வேலையை நாங்க மூணு பேர் பிரிச்சு எடுத்துக்கிட்டோம். லீவு போட்டாச்சு. இன்சூரன்ஸ் பேப்பரை ஹெச்.ஆர்.ல பாக்கறாங்க. இதுக்குப் பதில் போட வேண்டாம்."

இதில் இரண்டு இடம் முக்கியம். கடைசி வரி, பதில் சொல்லும் சுமையைக் குறைக்கிறது. முதல் வார்த்தை அதைவிட முக்கியம். குழந்தை பிறந்திருக்கிறது. நோய்ச் செய்தி முந்திக்கொண்டதால் யாரும் வாழ்த்துச் சொல்வதில்லை. ஆணா பெண்ணா என்றுகூடக் கேட்பதில்லை. நீங்கள் கேளுங்கள்.

ஒரு ஆபரேஷனோடு முடியாது

அலுவலகங்கள் தவறுவது பெரும்பாலும் இங்கேதான். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்றதும், இன்னும் ஒரு வாரத்தில் ஆள் வேலைக்கு வந்துவிடுவார் என்று கணக்குப் போடுகிறோம்.

எங்கள் தம்பியின் மகளுக்கு இருந்த குறையையே எடுத்துக்கொள்ளுங்கள். உணவுக்குழாயின் மேற்பகுதி பாதியிலேயே மூடிக்கொண்டிருக்கும். விழுங்கிய எச்சில் கீழே இறங்க வழியில்லாமல் வாயில் நுரையாகப் பொங்கும். பால் கொடுத்தால் புரையேறி உடம்பு நீலம் பாரிக்கும். பெரும்பாலும் முதல் சில நாட்களிலேயே அறுவை செய்து இரு முனைகளையும் இணைப்பார்கள். அதற்குப் பிறகு வென்டிலேட்டர், குழாய் வழியாகப் பால், ஏறத்தாழ ஒரு வாரம் கழித்து இணைப்பில் கசிவு இல்லை என்று சோதனை, அப்புறம்தான் வாய்வழிப் பால். வீட்டுக்குப் போன பின்னும் இணைத்த இடம் சுருங்கினால், திரும்பத் திரும்ப வந்து விரித்துவிட வேண்டியிருக்கும்.

மலத்துவாரம் இல்லாமல் பிறக்கும் குழந்தைகளில் பலருக்கு மூன்று கட்டமாக அறுவை நடக்கும். முதலில் வயிற்றில் வழி திறப்பார்கள், சில மாதம் கழித்துத் துவாரம் அமைப்பார்கள், அதன் பிறகு வயிற்று வழியை மூடுவார்கள். உதட்டுப் பிளவை வழக்கமாக மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் சரிசெய்வார்கள். அண்ணப் பிளவுக்கு ஒரு வயதை ஒட்டி இன்னொரு அறுவை. வளைபாதத்துக்கு வாராவாரம் மாவுக்கட்டு, பிறகு நான்கு வயது வரைகூட இரவில் போட வேண்டிய பட்டைச் செருப்பு. பிறவி இதயக் குறைகளில் சில ஒரே அறுவையில் சரியாகும், சிலவற்றுக்கு ஆண்டுக்கணக்கில் பல கட்டம்.

ஆகவே பொறுப்பாளர் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது நோயின் பெயரை அல்ல. "அடுத்த தேதி எப்போன்னு டாக்டர் சொன்னாங்களா?" என்பது போதும். அந்தத் தேதியை அலுவலகக் காலண்டரில் குறித்துவிடுங்கள்.

லீவு: சட்டம் தருவதும் நீங்கள் தர வேண்டியதும்

தாய் வேலைக்குப் போகிறவர் என்றால், 1961ஆம் ஆண்டின் மகப்பேறு பயன் சட்டத்தில் 2017இல் வந்த திருத்தத்தின்படி, முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பும் அதே 26 வாரத்தையே தொடர்கிறது. பிரசவத்தால் தாய்க்கு உடல்நலக் கேடு ஏற்பட்டாலோ, குறைமாதப் பிரசவம் என்றாலோ, சான்று காட்டி மேலும் ஒரு மாதம் பெறலாம். விடுப்பு முடிந்த பின் வீட்டிலிருந்து வேலை செய்ய நிறுவனத்தோடு பேசிக்கொள்ளவும் சட்டம் இடம் கொடுக்கிறது. தமிழ்நாடு அரசின் பெண் ஊழியர்களுக்கு இந்த விடுப்பு 2021 முதல் 12 மாதம்.

ஒன்றைக் கவனியுங்கள். குழந்தை மருத்துவமனையில் கிடக்கும் நாட்களும் அந்த 26 வாரத்திலேயே கழிகின்றன. இரண்டு மாதம் தீவிர சிகிச்சைப் பிரிவிலேயே போய்விட்டால், குழந்தையை மடியில் வைத்துப் பால் கொடுக்கும் காலம் அந்தத் தாய்க்கு அவ்வளவு குறைகிறது. அந்த நாட்களைத் திருப்பிக் கொடுக்கச் சட்டம் வற்புறுத்தவில்லை. மனமிருக்கும் நிர்வாகம் கொடுக்கலாம்.

தகப்பனுக்கு? மத்திய அரசு ஊழியர்களுக்கு 15 நாள் தந்தைமை விடுப்பு உண்டு. தனியார் நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் சட்டம் இல்லை. கம்பெனி வைத்ததுதான் விதி. சேர்த்து வைத்த லீவு, வீட்டிலிருந்து வேலை, ஷிப்ட் மாற்றம், அரை நாள் என எல்லாவற்றையும் கலந்து ஒரு திட்டத்தை ஹெச்.ஆரே போட்டு, "இப்படிச் செய்யலாமா?" என்று அவர் முன் வைக்க வேண்டும். லீவு விண்ணப்பத்தை நீங்களே நிரப்புங்கள். அவர் "சரி" என்று ஒரு வார்த்தை அனுப்பினால் போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பல மருத்துவமனைகளில் டாக்டர் பெற்றோரோடு பேசுவதற்கு தினமும் ஒரு நேரம் உண்டு. ஆள் வீட்டிலிருந்து வேலை செய்ய ஒப்புக்கொண்டாலும், அந்த நேரத்தில் மீட்டிங் வைக்காதீர்கள்.

இன்சூரன்ஸ்: முதல் 24 மணி நேரம்

குழந்தைக்கு இன்னும் பெயர் வைத்திருக்க மாட்டார்கள். கைப்பட்டையில், பில்லில், ரிப்போர்ட்டில் எல்லாம் "பேபி ஆஃப்" என்று போட்டுத் தாயின் பெயர்தான் இருக்கும். பாலிசியிலோ குழந்தையே இருக்காது. இந்த இடைவெளியில்தான் கிளெய்ம் சிக்கும். ஹெச்.ஆரில் ஒருவர் அன்றே செய்ய வேண்டியவை:

• குழுக் காப்பீட்டில் பிறந்த நாளிலிருந்தே குழந்தைக்குப் பாதுகாப்பு உண்டா என்று பாருங்கள். இருந்தால், பாலிசி சொல்லும் கெடுவுக்குள் குழந்தையைச் சேர்க்க எழுத்தில் தெரிவியுங்கள். பிறப்புச் சான்றிதழ் வரும்வரை மருத்துவமனை தரும் பிறப்புக் குறிப்பு போதுமா என்று கேளுங்கள்.

• பிறவிக் குறைகளைக் காப்பீட்டாளர்கள் இரண்டாகப் பிரிப்பார்கள்: உள்ளுறுப்பில் இருப்பது, வெளியே கண்ணுக்குத் தெரிவது. இதயக் குறை முதல் வகை, உதட்டுப் பிளவு இரண்டாம் வகை. வெளியே தெரிவதை விலக்கி வைக்கும் பாலிசிகள் உண்டு. முன்பே தெரிந்தால் வேறு வழி தேட நேரம் கிடைக்கும்.

• கேஷ்லெஸ் அனுமதிக்கு மருத்துவமனை அனுப்பும் கோரிக்கையைப் பின்தொடருங்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2024ஆம் ஆண்டு விதிப்படி, கோரிக்கை போன ஒரு மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். டிஸ்சார்ஜின்போது 3 மணி நேரத்துக்குள். தாமதமானால் அந்த விதியைச் சொல்லிக் கேட்பது உங்கள் வேலை.

• பிறப்பை 21 நாளுக்குள் கட்டணமில்லாமல் பதியலாம். பெயரை ஒரு வருடத்துக்குள் இலவசமாகச் சேர்க்கலாம். பெயர் இல்லையே என்று பதிவைத் தள்ளிப்போட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

ஒப்பந்தத் தொழிலாளியை மறக்காதீர்கள்

குழுக் காப்பீடு உள்ளவருக்கு ஹெச்.ஆர். இருக்கிறது. கேன்டீனில் தோசை வார்க்கும் அக்காவுக்கும், வாசலில் நிற்கும் செக்யூரிட்டி அண்ணனுக்கும் யார் இருக்கிறார்கள்? அவர்கள் வீட்டிலும் இப்படிக் குழந்தை பிறக்கும். அவர்களுக்குத்தான் வழி சொல்ல ஆள் தேவை.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் என்றால் இ.எஸ்.ஐ. இருக்க வேண்டும், குழந்தையைக் குடும்பத்தில் சேர்த்தால் சிகிச்சையும் உண்டு. ஒப்பந்தக்காரர் பணம் கட்டியிருக்கிறாரா என்று பார்ப்பதும் நிறுவனத்தின் பொறுப்பே. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மிகாத குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. அட்டை இல்லையென்றால் ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்றோடு கலெக்டர் அலுவலகத்தில் பதியலாம். அந்த வருமானச் சான்றுக்காக ஒருவர் அலைந்து கொடுத்தால் அதுவே பெரிய உதவி.

அரசு மருத்துவமனைகளில், நோயுற்ற குழந்தைக்கு ஒரு வயது வரை சிகிச்சையும் மருந்தும் போக்குவரத்தும் இலவசம். 2011இல் தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா திட்டம் இது. 2013இல் வந்த ஆர்.பி.எஸ்.கே. திட்டம், இதயக் குறை, பிளவு உதடு, வளைபாதம், தண்டுவடக் குறை, பிறவிக் கண்புரை, பிறவிச் செவிட்டுத்தன்மை போன்றவற்றைக் கண்டறிந்து மேல்சிகிச்சைக்கு அனுப்புகிறது. குறைமாதக் குழந்தைகளையும் நோயுற்ற பச்சிளங்குழந்தைகளையும் கொண்டுபோகும் வசதியுள்ள ஆம்புலன்ஸ்கள் 108 சேவையில் உண்டு. சந்தேகம் கேட்க 104. சென்னை எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனை இந்தத் துறையில் மாநிலமே நம்பி வரும் இடம். "கவர்மென்ட் ஆஸ்பத்திரியா?" என்று முகம் சுளித்து அந்தப் பெற்றோரைக் கலங்கடிக்காதீர்கள்.

பணம் கொடுக்கும் முறை

வசூல் செய்யுங்கள், ஆனால் சத்தமில்லாமல். யார் எவ்வளவு என்ற பட்டியல் குழுவில் ஓட வேண்டாம். டியூப் மாட்டிய குழந்தையின் படத்தை எங்கும் போட வேண்டாம். அந்தக் குழந்தை நாளை பள்ளிக்கூடம் போகும். மொத்தத் தொகையை ஒரே தடவையில் பெற்றோர் கணக்குக்கு அனுப்பிவிடுங்கள். கணக்குக் கேட்காதீர்கள்.

அதைவிடப் பெரியது சம்பளத் தேதி. எங்கள் தம்பி அந்த நாற்காலியில் இருந்தபோதுதான் சம்பளம் வரவான எஸ்.எம்.எஸ். வந்தது. சிஸ்டம் தானாகவே சம்பளமில்லா விடுப்பு என்று கழித்திருந்தது. பாதிதான் வந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. போனைத் திருப்பிப் பையில் போட்டுக்கொண்டார். மறுநாளே சரிசெய்தோம் என்றாலும், அந்த ஒரு ராத்திரி அவருக்குத் திரும்பி வராது. பிடித்தம் செய்தே தீர வேண்டுமென்றால் ஆறு மாதம் கழித்துச் சிறு சிறு தவணையாகப் பிடியுங்கள். வட்டியில்லாத முன்பணம் கொடுங்கள். பி.எஃப். கணக்கிலிருந்து மருத்துவச் செலவுக்கு முன்பணம் எடுக்கலாம். இணையத்தில் விண்ணப்பிக்க ஒருவர் கூட உட்காருங்கள்.

வராண்டாவில் என்ன தேவை

• சாப்பாடு: "என்ன வேணும்?" என்று கேட்காமல், எந்தெந்த நாள் யார் கொண்டுவருவது என்று முறை போடுங்கள். காரம் குறைந்த, ஆறினாலும் தின்னக்கூடிய உணவு. பிரசவித்த தாய் தனி மருத்துவமனையில் இருந்தால், அங்கேயும் ஒரு கேரியர் போக வேண்டும்.

• தாய்ப்பால்: குழந்தைக்கு வாய்வழி ஒன்றும் கொடுக்க முடியாத நாட்களிலும் தாய் இரண்டு மூன்று மணிக்கொரு முறை பாலைப் பீய்ச்சி எடுக்க வேண்டும். இல்லையென்றால் பால் வற்றிவிடும். நல்ல பம்ப் ஒன்று, ஐஸ் வைத்த பெட்டி ஒன்று, இரண்டு மருத்துவமனைக்கும் இடையே வண்டியோட்ட ஒரு ஆள். பூங்கொத்தைவிட இது நூறு மடங்கு உதவி.

• ரத்தம்: அறுவைக்கு முன் ரத்த தானம் செய்ய மருத்துவமனை ஆள் கேட்கலாம். 18 வயது முடிந்தவர், 45 கிலோவுக்குக் குறையாத எடை, ஆணென்றால் கடைசியாகக் கொடுத்து 90 நாளும் பெண்ணென்றால் 120 நாளும் ஆனவர். அலுவலகத்தில் ரத்தப் பிரிவுப் பட்டியல் இன்றே தயாராக இருக்கட்டும்.

• மூத்த குழந்தை: பள்ளி வேன் ஏற்றிவிட, வீட்டுப்பாடம் பார்க்க ஆள் வேண்டும். அந்தப் பிள்ளையை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

• பார்வையாளர்: சளி, இருமல் இருந்தால் போகவே வேண்டாம். போனாலும் பத்து நிமிடம்.

வாயில் வரக்கூடாத கேள்விகள்

"சொந்தத்துல கல்யாணமா?" நம்மூரில் முதலில் வரும் கேள்வி இதுதான். நெருங்கிய உறவில் மணந்தால் அபாயம் ஓரளவு கூடும் என்பது உண்மை. அதைக் கேட்க வேண்டியவர் டாக்டர். உறவே இல்லாத தம்பதிக்கும் இப்படிக் குழந்தை பிறக்கிறது. பெரும்பாலான பிறவிக் குறைகளுக்கு இன்னதுதான் காரணம் என்று சொல்ல முடிவதில்லை.

"மாசமா இருக்கும்போது கிரகணத்துல வெளியே வந்தாங்களா?", "ஸ்கேன்ல தெரியலையா?", "அடுத்தது நல்லா பொறக்கும்." இவை எல்லாம் போய்ச் சேரும் இடம் ஒன்றே: அந்தத் தாய். தன் மேல்தான் தப்போ என்று ராத்திரியெல்லாம் விழித்துக் கிடப்பவளுக்கு நாம் இன்னொரு காரணம் எடுத்துக் கொடுக்கிறோம்.

என்ன சொல்லலாம்? "பாப்பாவுக்கு என்ன பேர் யோசிச்சிருக்கீங்க?" "நீ சாப்பிட்டியா?" "நான் இங்க உட்கார்ந்திருக்கேன், நீ ஒரு மணி நேரம் தூங்கு." இவை போதும்.

திரும்பி வரும் நாள்

முதல் வாரம் கூட்டம் கூடும். எட்டாவது வாரம் ஒருவரும் இருக்க மாட்டார்கள். உதவிப் பட்டியலை மூன்று மாதத்துக்குப் பிரித்துப் போடுவது அதற்காகத்தான்.

வேலைக்குத் திரும்பும் நாளன்று மேசை சுத்தமாக இருக்கட்டும். முதல் இரண்டு வாரம் அரை வேலை. மருத்துவமனையிலிருந்து வரும் போனை எந்த மீட்டிங்கிலும் எடுக்கலாம் என்று எல்லார் முன்னிலையிலும் சொல்லிவிடுங்கள். தாய் திரும்புகிறார் என்றால், குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை பாலூட்ட நாளைக்கு இரண்டு இடைவேளை அவருடைய உரிமை. பால் பீய்ச்சக் கதவு சாத்தக்கூடிய ஓர் அறை கொடுங்கள். வருடாந்திர மதிப்பீட்டில் அந்த மாதங்களைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். அதை எழுத்தில் கொடுங்கள்.

குழந்தை தங்காமல் போனால்

எவ்வளவு முயன்றும் சில குழந்தைகள் திரும்புவதில்லை. அப்போது பொறுப்பாளர் முன்கூட்டியே எல்லாருக்கும் சொல்லிவிட வேண்டும். விஷயம் தெரியாத ஒருவர் "ஸ்வீட் எங்கே?" என்று கேட்டுவிடக் கூடாது. பிறந்தவுடன் குழந்தையை இழந்த மத்திய அரசுப் பெண் ஊழியர்களுக்கு 2022இல் 60 நாள் சிறப்பு மகப்பேறு விடுப்பு வந்தது. தனியார் நிறுவனமும் அதைப் பார்த்து நடக்கலாம். தகப்பனுக்கும் விடுப்பு கொடுங்கள். அவரும் இழந்திருக்கிறார். குழந்தைக்குப் பெயர் வைத்திருந்தால் அந்தப் பெயரைச் சொல்லியே பேசுங்கள்.

எட்டாம் மாதம்

எங்கள் தம்பியின் மகள் பிழைத்தாள். அதன் பிறகும் உணவுக்குழாயை விரித்துவிட நாலு தடவை போய்வந்தார்கள். ஒரு நாள் காலை என் மேசைக்கு எதிரே வந்து நின்று, பேச வாயெடுத்துத் தயங்கினார். நான் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினேன். அடுத்த வியாழனும் வெள்ளியும் அவர் பெயரில் லீவு. எதிரே டிஸ்பாட்ச் பார்க்கப் போகிறவரின் பெயர்.

"டாக்டர் கொடுத்த தேதியைப் போன மாசமே நீ சொன்னியே" என்றேன்.

சற்று நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போனை எடுத்து ஒரு வீடியோவைக் காட்டினார். பாட்டி மடியில் பாப்பா. ரசம் விட்டுக் குழைத்த இட்லி ஒரு விரலளவு வாய்க்குள் போகிறது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பது வீடியோவில் கேட்கிறது. அவள் விழுங்குகிறாள். விழுங்கிவிட்டு, இன்னும் வேண்டும் என்று வாயைத் திறக்கிறாள்.